டீ குடிக்காத ஓவர்சியர்

எங்கள் ஊருக்கு ஒரு சர்க்கார் ஆள் வந்தால், அவர் டீ குடிக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்போம். குடித்தால் பேசிப் பார்க்கலாம் என்று அர்த்தம். கூட ஒரு வடையும் எடுத்துக்கொண்டால் காரியம் பாதி முடிந்த மாதிரி. கரண்ட் ஆபீஸ் ஆட்கள், வில்லேஜ் ஆபீஸ் ஆட்கள், மாட்டுக்கு ஊசி போட வருகிறவர் எல்லோரையும் இப்படித்தான் எடைபோட்டு வந்தோம். பெரிதாகத் தப்பியதில்லை. பஞ்சாயத்து ஓவர்சியராக அவர் வந்த பிறகுதான் தப்பியது.

அவர் எங்கள் டீயைக் குடிக்கவில்லை.

டீ பிடிக்காதவர் இல்லை. ஸ்கூட்டரின் முன்கொக்கியில் எப்போதும் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கும். அதில் ஃபிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா. ரோட்டை அளந்து முடித்ததும் டீக்கடை பெஞ்சில்தான் வந்து உட்காருவார். உட்கார்ந்து, தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து, தன் டம்ளரில் ஊற்றி, தன் டீயைக் குடிப்பார். டம்ளரைக் கழுவுவதற்குக்கூடக் கடைத் தண்ணீரைத் தொட மாட்டார். கடைக்காரருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சந்தேகம் வந்தது, கடைசியில் கேட்டே விட்டார்.

"என்ற கடை டீயில அப்பிடி என்னத்தெக் கண்டீங்க?"

"உங்க டீ நல்லாத்தானுங்க இருக்கும்," என்றார் அவர். "இன்னைக்கு நான் இதெக் குடிச்சன்னா நாளைக்கு உங்க கடைக்கு முன்னால ரோட்டெ ஒரு சாண் ஒதுக்கிப் போடச் சொல்லுவீங்க. எனக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வராது. அதனால டீயே வேண்டாமுங்க."

கடைக்காரர் அந்தப் பதிலைப் பதக்கம் வாங்கியவர் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சித்தூருக்குக் கிழக்கே, மலையாள தேசத்தின் ஓரமான எங்கள் பக்கத்தில் ஆபீசர்கள் பெரும்பாலும் மலையாளத்தில் கேட்பார்கள், நாங்கள் தமிழில் பாதியும் மலையாளத்தில் பாதியுமாகப் பதில் சொல்லி, இரண்டிலும் சரியாகச் சொல்லாமல் திரும்பி வருவோம். இவர் நம் பேச்சுப் பேசுகிறவர். என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். நம் ஆள், அதிலும் கை சுத்தமான ஆள் என்றால் கேட்க வேண்டுமா. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தோம். வந்தார். பந்தலில் நின்று பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்தினார். பந்திக்குக் கூப்பிட்டபோது, "ஆகட்டுங்க, ஆகட்டுங்க," என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கமாக நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருக்கிறார். என் அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "கலியாண ஊட்டுல கை நனைக்காமப் போறவன் எதுக்கு வரோணும்," என்றாள். நான் அம்மாவைத்தான் அடக்கினேன்.

இன்னொரு நாள், வாய்க்கால் ஓரம் நிற்கிற எங்கள் தென்னையிலிருந்து ஒரு காய் அவர் ஸ்கூட்டருக்கு முன்னால் விழுந்திருக்கிறது. வேறு யாராவது என்றால் மண்டை தப்பியதே என்று சந்தோஷப்பட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இவர் அதை எடுத்துவந்து எங்கள் வாசலில் வைத்து, "உங்களுதுங்க, வழியில கெடந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கான்ட்ராக்டர் அவருக்குத் தெரியாமல் ஸ்கூட்டரில் நேந்திரன் வாழைத்தார் ஒன்றைக் கட்டிவிட்டான். அதைக் கொண்டுபோய் அவன் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வந்ததாகச் சொல்வார்கள்.

நல்லேப்பிள்ளிக்குப் போகிற ரோட்டில் தார் போட்டபோது நடந்ததை நானே பார்த்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஈரத்தின் மேலேயே தாரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் குடையை மடக்கி, அதன் முனையைப் புதுத் தாரின் ஓரத்தில் செருகி நெம்பினார். தோசை மாதிரி பெயர்ந்து வந்தது. சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "எடுத்துருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ரோலருக்கு முன்னால் போய் நின்றார். கான்ட்ராக்டர் யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தான். இவர் நகரவே இல்லை. கடைசியில் போட்டதை அள்ளிக்கொண்டு போனார்கள். நனைந்துகொண்டே நின்ற அந்த மனிதரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதை இப்போது சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ரோடு வேலை நடந்தால் முறை வைத்து வீட்டுக்கு ஒரு ஆள் காவல் இருப்போம். குடையும் நாற்காலியும் கொண்டுபோய் வேலை நடக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவோம். சிமென்ட் எத்தனை மூட்டை, மணல் எத்தனை சட்டி என்று பார்த்துக்கொண்டே இருப்போம், கம்பால் குத்திக் கனம் பார்ப்போம், கலவை போடுகிறவர்களுக்கு மோரும் கொடுப்போம். எஞ்சினியர்களுக்கு இது பிடிக்காது. அவர் வந்த பிறகு அந்த நாற்காலியை நாங்களே எடுத்துவிட்டோம். அவரே நிற்கும்போது நாம் எதற்கு என்று தோன்றியது. ஊர்க் காவலை ஒரு ஃபிளாஸ்க்கிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போன ஜனங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

இனி எங்கள் ரோட்டுக்கு வருகிறேன்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீடுகளுக்கு வருவதற்கு அப்போது வயல் நடுவே ஒரு வரப்பு மட்டும்தான். அறுப்பு மெஷின் உள்ளே வராது. அறுத்த நெல்லைத் தலைச்சுமையாகவே மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கிராம சபையில் வருஷா வருஷம் கத்தி, ஒரு வழியாகப் பஞ்சாயத்துப் பிளானில் எங்கள் ரோடும் ஏறியது. ஆனால் இடத்தை நாங்கள்தான் சும்மா விட்டுக்கொடுக்க வேண்டும். வரப்பின் இரண்டு பக்கமும் வயல் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் விட்டால்தான் அது ரோடாகும். ரோடு கமிட்டிக்கு நான்தான் கன்வீனர். தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்கு மேட்டாக, ஆட்களை வேலை வாங்குகிறவளாக இருந்ததால் அங்கே வருகிற பெண்களெல்லாம் என் பேச்சைக் கேட்பார்கள், அவர்கள் சொன்னால் வீட்டு ஆண்களும் கேட்பார்கள். எல்லோரும் சரி என்றார்கள், என் சித்தப்பாவைத் தவிர.

சித்தப்பாவின் வயல் வாய்க்காலின் கடைசியில், ரோடு வரப்போகிற இடத்துக்குக் கீழே இருக்கிறது. எங்கள் வயலும் இன்னும் இரண்டு வீட்டாருடைய வயலும் அதையொட்டித்தான். அந்த வரப்பை வாய்க்கால் குறுக்கே கடந்துதான் எங்களுக்குத் தண்ணீர் வர வேண்டும்.

"ரோடு வந்தா நெல்லெ லாரியில ஏத்தலாம், செரி," என்றார் சித்தப்பா. "ஏத்தறதுக்கு நெல்லு வேணுமல்ல? வாய்க்காலு மேல மண்ணெக் கொட்டிப்போட்டா என்ற வயலு என்னத்துக்காகும்?"

ஓவர்சியரைக் கூட்டிவந்தேன். அவர் வரப்பில் நடந்து பார்த்துவிட்டு, வாய்க்கால் கடக்கிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கல்லை நட்டார். அடையாளம் தெரியட்டும் என்று அதற்குச் சுண்ணாம்பும் அடிக்கச் சொன்னார்.

"இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் அடியால பெரிய சிமென்ட்டுக் கொழாய் வருதுங்க. ஒரு ஆளு குனிஞ்சு போலாம். நான் சொல்றனுங்க."

சித்தப்பா, "வாங்க, ஊட்டுல போய் ஒரு டீ குடிச்சுட்டுப் பேசலாம்," என்றார். அவர் கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். சித்தப்பாவுக்கு அப்போதும் மனசாகவில்லை.

நான் சொன்னேன்: "டீ கூட வாங்கிக் குடிக்காத மனுசன் பொய் சொல்லுவாருங்களா, சித்தப்பா?"

அதில் சித்தப்பா இறங்கி வந்தார். வேலியோரம் நின்ற இரண்டு பனையை வெட்டி இடத்தை விட்டுக்கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் ரோடுகளெல்லாம் மார்ச் மாதத்தில்தான் பிறக்கும். அந்த மாதம் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று ஓடுவார்கள். வருஷம் முழுக்கத் தூங்கின ஃபைலெல்லாம் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கும். அப்படித்தான் ஒரு நாள் கிராவல் லாரிகள் வந்து வரப்பின் மேல் மண்ணைக் கொட்டின. வாய்க்கால் காய்ந்து கிடந்த சமயம், அதன் மேலும் கொட்டினார்கள். ஓவர்சியரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"கொழாய் வெக்கலீங்களே சார்?"

அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "வெச்சுக்கலாமுங்க அம்மிணி. மண்ணு கொஞ்சம் எறுகட்டும். அப்பறம் அந்த எடத்தெ மட்டும் தோண்டி எறக்கிருவோம்."

நான் திரும்பி வந்தேன். நாற்காலி போட வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. கான்கிரீட் போட்ட அன்று நான் ஊரிலேயே இல்லை. என் ஆட்களோடு மேலே வாய்க்கால் தூர்வாரும் வேலைக்குப் போயிருந்தேன். எங்கள் வயலுக்குத் தண்ணீர் நன்றாக வர வேண்டும் என்று நாங்கள் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே அதே வாய்க்காலின் கழுத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயத் திரும்பி வந்தபோது கான்கிரீட்டின் மேல் ஈரச் சாக்குகள் விரித்திருந்தன. இரண்டு கல்லும் அப்படியே வெள்ளையாக நின்றன. மறுநாள் காலையில் அவரைப் பிடித்தேன்.

"உள்ள இருக்குதுங்க அம்மிணி," என்றார். "ரெண்டு பக்கமும் மண்ணு மூடியிருக்குது. தண்ணி வர்றதுக்கு முன்னால வாயெ மட்டும் தொறந்துக்கலாம்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கண் கூட இமைக்கவில்லை.

அந்த வருஷம் இரண்டாம் போகத்துக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று மேலேயிருந்து போன் வந்ததும் சித்தப்பா மம்மட்டியை எடுத்துக்கொண்டு குழாயின் வாயைத் திறக்கப் போனார். நாங்கள் நாலு வீட்டாரும் பின்னாலேயே போனோம். கல்லுக்கு நேராகத் தோண்டினார். மண்தான் வந்தது. கொஞ்சம் தள்ளித் தோண்டினார், அங்கேயும் மண். ரோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கக் கல்லுக்கு நேராகத் தோண்டினார். அதற்குள் மேல் பக்கம் தண்ணீர் வந்து முட்டி, அவர் காலை நனைத்து, பக்கத்து வயலுக்குள் ஏறிப் புதிதாக நட்ட நாற்றை மூழ்கடித்தது. சித்தப்பா தோண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மம்மட்டி கான்கிரீட்டின் அடியில் கிராவலில் பட்டு ணங்கென்று சத்தம் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஓவர்சியரை அல்ல, என்னைப் பார்த்தார். "நீ சொன்னியேன்னுதான் கண்ணு குடுத்தேன்," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை.

அன்றைக்கே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அவர் மேஜையில் தன் ஃபிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கீங்க சார் கொழாய்?"

"எஸ்டிமேட்டுலருந்தே எடுத்துட்டாங்க அம்மிணி. கொழாய்க்குப் பணம் ஒதுக்குனா மெயின் ரோடு வரைக்கும் கான்கிரீட்டு எட்டலெ. ரோடு பாதியில நின்னா நல்லா இருக்காதுன்னு வார்டு மெம்பரு சொன்னாரு, எஞ்சினியரும் செரின்னுட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லியிருந்தா லாரிக்குக் குறுக்கால உக்காந்திருப்பீங்க."

"அன்னைக்குக் காத்தால கேட்டனே. உள்ள இருக்குதுன்னு சொன்னீங்களே."

"பச்சைக் கான்கிரீட்டுங்க. கொழாய் இல்லைன்னு சொல்லியிருந்தா ஒடச்சுப் போட்டிருப்பீங்க."

இதையெல்லாம் பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். நான் அவர் டம்ளரையே பார்த்தேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, எழுந்து நின்று, முதல் தடவையாகக் கொஞ்சம் குரல் உயர்த்தி, "நான் யாரு கையிலயும் ஒண்ணும் வாங்கலீங்க. யாரெ வேணும்னாலும் கேட்டுப் பாருங்க," என்றார்.

அது உண்மைதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாங்கியிருந்தால் நாங்களும் நாலு வீடு சேர்ந்து கொடுத்திருப்போமே. ஒரு வாய் டீக்காவது எங்கள் பக்கம் பேசியிருப்பாரே. யாரிடமும் எதுவும் வாங்காமல், சும்மாவே எங்களை விற்றுவிட்டு, கை சுத்தமாக நின்றார் மனிதர். மெம்பரிடமும் எஞ்சினியரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டீக்கடையில் அன்றைக்கே சொன்னார், நாங்கள்தான் அதை வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டோம். அவர் காப்பாற்றியதெல்லாம் தன் கையை மட்டும்தான். அந்தக் கை எங்களுக்காகவும் இருக்கிறது என்று நினைத்தது எங்கள் மடத்தனம்.

விட்டுக்கொடுத்த இடம் திரும்பாது. ரோட்டை வெட்டிக் குழாய் இறக்குங்கள் என்று மனுக் கொடுத்தால், கான்ட்ராக்டரின் கேரண்டிக் காலம் முடியாமல் வெட்டக்கூடாது என்கிறார்கள். கேரண்டி முடிந்ததும் கேட்டபோது, நல்ல ரோட்டை வெட்டினால் ஆடிட்டில் கேட்பார்கள் என்றார்கள். ஒவ்வொரு கிராம சபையிலும் எங்கள் குழாய் பேச்சுக்கு வரும், அடுத்த பிளானில் பார்க்கலாம் என்பார்கள், டீ கொடுப்பார்கள். அறுப்பு மெஷின் இப்போது ஜம்மென்று உள்ளே வருகிறது. மேல் வயல்களுக்குப் போய்விட்டு, எங்கள் வயலைத் தாண்டித் திரும்பிப் போகிறது. சித்தப்பாவின் வயலில் இரண்டாம் போகம் நின்று, பிறகு முதல் போகமும் நின்று, இப்போது யார் யாருடைய ஆடோ மேய்கிறது. வாய்க்கால் ஓடினால்தான் எங்கள் கிணறுகளில் ஊற்று இருக்கும். அதுவும் வற்றிவிட்டது. வேனல் வந்தால் குடிதண்ணீருக்குப் பஞ்சாயத்து லாரிதான்.

அவர் ரிட்டயர் ஆனபோது பஞ்சாயத்து ஹாலில் பாராட்டு விழா வைத்தார்கள். இப்படி ஒரு நேர்மையானவரைப் பார்த்ததே இல்லை என்று மெம்பர் பேசினார். பொன்னாடை போர்த்த வந்தபோது அவர் பின்வாங்கி, அதைக்கூட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள், "எந்திரி, எல்லாரும் பாக்கறாங்க," என்று இடித்தாள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

போன வேனலில் ஒரு உச்சி வெயிலில் அவரை மறுபடி பார்த்தேன். எங்கள் ரோட்டில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயர் பஞ்சர். கொக்கியில் அதே மஞ்சள் பை. முகமெல்லாம் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் வாசலுக்கு நேரே நின்று, பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். காலி. கொஞ்சம் தயங்கி, கேட்டுக்குள் வந்தார்.

"அம்மிணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

எத்தனையோ நாள் அவரை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஆனால் தாகம் என்று வந்த ஆளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியுமா. உள்ளே போய் ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதி குடித்து மூச்சு வாங்கிவிட்டு, எங்கள் கிணற்றுப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"கெணத்துத் தண்ணிங்களா? நல்ல ருசி."

"கெணறு வத்தி ரொம்ப நாளாச்சுங்க," என்றேன். "வாய்க்கா நின்னதோட அதுவும் நின்னு போச்சு. இது பஞ்சாயத்து லாரித் தண்ணி. பயப்படாமக் குடிங்க சார். எங்க கையிலிருந்து நீங்க இன்னமும் ஒண்ணும் வாங்கலே."

சிரிப்பு நின்றுவிட்டது. சொம்பில் பாதித் தண்ணீர் இருந்தது. அதைக் குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் வெயிலில் நின்றார். நான் கை நீட்டிச் சொம்பை வாங்கவில்லை.